மலையில் மலேரியா ஸ்லைடு: விரலில் குத்துவது முதல் கிருமியை இனம் காண்பது வரை

நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மலேரியா ரத்தத் தடவல், அதாவது ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் பூசிச் சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, சொல்லிக்கொடுத்து வருகிறேன். மலேரியா கிருமியின் வாழ்க்கைச் சுழற்சியைப் படமாக வரைந்து மதிப்பெண் வாங்காமல் இந்த வேலைக்கு யாரும் வருவதில்லை. ஆனால் அந்தப் படத்தை ஒரு பக்கமும் கையில் இருக்கும் ஸ்லைடை இன்னொரு பக்கமும் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் சேர்வதில்லை. தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

ஸ்லைடில் தெரிவது, குத்திய அந்த நிமிடத்தில் விரல் நுனி ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த கிருமி மட்டும்தான். அதே நேரத்தில் கல்லீரலில் இருப்பது தெரியாது. மூளையின் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதும் தெரியாது. கிருமி எந்த மணியில் எங்கே இருக்கும் என்பது தெரிந்தால்தான் எப்போது குத்துவது, என்ன தேடுவது, 'இல்லை' என்று எப்போது எழுதலாம் என்பதெல்லாம் பிடிபடும். கீழே உள்ள வரிசை அந்தக் கணக்கின்படி அமைந்தது.

1. ஊசியை எடுப்பதற்கு முன் நாட்களைக் கேளுங்கள்

முதல் கேள்வி: எங்கே போயிருந்தார், எப்போது திரும்பினார்?

உதகை 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கொசுவின் உடலுக்குள் வைவாக்ஸ் என்ற மலேரியா கிருமி இனம் வளரச் சுமார் 16 டிகிரி வெப்பமாவது வேண்டும், ஃபால்சிபாரம் என்ற இனத்துக்குச் சுமார் 18 டிகிரி. அதற்குக் கீழே போனால் கொசு செத்துப்போவதற்குள் கிருமி வளர்ந்து முடிவதில்லை. ஆகவே உதகையில் ஒருவருக்கு மலேரியா என்றால் அநேகமாக வேறு எங்கோ கடிபட்டு வந்திருக்கிறார். கூடலூர், மசினகுடி, மாயார் பக்கம் இறங்கிவிட்டால் ஆயிரம் மீட்டர் அளவுதான்; அங்கே இந்தக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது.

எஸ்டேட் லைன் வீடுகளில் ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். நம் ஆட்களும் சென்னைக்கும் ராமநாதபுரத்துக்கும் வேலைக்குப் போய் வருகிறார்கள். மொழி தெரியாவிட்டால் மேஸ்திரியைக் கூட வைத்துக்கொண்டு கேளுங்கள். "எப்ப ஊருக்குப் போனீங்க, எப்ப வந்தீங்க, போன வருஷம் இதே மாதிரி காய்ச்சல் வந்துச்சா, மாத்திரையை முழுசா சாப்பிட்டீங்களா?" இந்த நான்கையும் கேட்காமல் விரலைத் தொடாதீர்கள்.

காரணம் இருக்கிறது. கடித்த நாளிலிருந்து ஒரு வாரமாவது ஆகாமல் காய்ச்சல் வராது. பொதுவாக ஃபால்சிபாரத்துக்கு 9 முதல் 14 நாள், வைவாக்ஸுக்கு 12 முதல் 18 நாள். மூன்று நாளைக்கு முன் சென்னைக்குப் போய் வந்தவருக்கு இன்று காய்ச்சல் என்றால் அந்தப் பயணத்தின் மேல் பழி போட முடியாது. அதற்கு முந்தைய பயணத்தைக் கேட்க வேண்டும். வைவாக்ஸ் என்றால் போன வருடத்துப் பயணம்கூடக் கணக்கில் வரும். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

2. கிருமி எந்த நாளில் எங்கே இருக்கிறது

இந்தப் பகுதியை மனப்பாடம் செய்ய வேண்டாம். புரிந்துகொண்டால் போதும், பிற்பாடு ஒவ்வொரு படியிலும் இதுதான் கைகொடுக்கும்.

பெண் அனாஃபிலிஸ் கொசு கடிக்கும்போது எச்சிலோடு ஸ்போரோசோயிட்டுகள், அதாவது கொசுவிலிருந்து வரும் கிருமி வடிவங்கள், தோலுக்குள் இறங்குகின்றன. ரத்தத்தில் கலந்தவை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கல்லீரல் செல்களுக்குள் புகுந்துவிடும். அப்புறம் ரத்தத்தில் ஒன்றும் இருக்காது. உடம்புக்கும் ஒன்றும் தெரியாது.

கல்லீரலில் ஃபால்சிபாரம் ஆறு நாள் போல இருக்கிறது, வைவாக்ஸ் எட்டு நாள் போல. ஒரு ஸ்போரோசோயிட் புகுந்த செல் பருத்து வெடிக்கும்போது மீரோசோயிட் என்ற குட்டிக் கிருமிகள் ஆயிரக்கணக்கில் வெளியே வருகின்றன. அதுவரை எத்தனை ஸ்லைடு எடுத்தாலும் நெகட்டிவ்தான்.

வைவாக்ஸில் சில ஸ்போரோசோயிட்டுகள் வளராமல் கல்லீரலிலேயே தூங்கிவிடும். அவற்றுக்கு ஹிப்னோசோயிட் என்று பெயர். சில வாரங்களிலோ பல மாதங்கள் கழித்தோ விழித்துக்கொண்டு, புதிதாகக் கொசு எதுவும் கடிக்காமலே மறுபடி காய்ச்சலைக் கொண்டுவரும். ஃபால்சிபாரத்தில் இந்தத் தூக்கம் கிடையாது. தூங்குகிற கிருமியை நம் ஸ்லைடோ விரைவுச் சோதனை அட்டையோ காட்டாது. அதனால்தான் போன வருடத்துக் காய்ச்சலைக் கேட்கச் சொன்னேன்.

ரத்தத்துக்கு வந்த மீரோசோயிட் உடனே ஒரு சிவப்பணுவுக்குள் நுழைகிறது. முதலில் மோதிரம் போல இருக்கும். அணுவின் ஹீமோகுளோபினைத் தின்று பருத்து ட்ரோபோசோயிட் ஆகும். தின்று செரிக்க முடியாத இரும்புக் கழிவு பழுப்பு நிறத் துகள்களாகத் தங்கும், அதுதான் ஹீமோசோயின். பிறகு உட்கரு பலவாகப் பிரிந்து சைசான்ட் ஆகி அணு வெடிக்கிறது. வைவாக்ஸ், ஃபால்சிபாரம் இரண்டிலும் இந்தச் சுற்றுக்கு 48 மணி நேரம். மலேரியே இனத்துக்கு 72.

அணுக்கள் கூட்டமாக வெடிக்கிற நேரத்தில்தான் நோயாளிக்குக் குளிர் எடுத்து உதறுகிறது, பிறகு அனல், பிறகு வேர்வை. ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது என்று நம் பெரியவர்கள் முறைக்காய்ச்சல் என்றார்களே, அந்த முறை இந்த 48 மணிதான். ஆனால் முதல் சில நாட்களில் கிருமிகள் ஒரே தாளத்தில் இருப்பதில்லை. தினமும் காய்ச்சல் வரலாம், நாள் முழுக்கவும் இருக்கலாம். 'முறை வரவில்லை, அதனால் மலேரியா இல்லை' என்று முடிவு கட்டிய புதியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஃபால்சிபாரத்தில் ஒழுங்கான முறை வராமலேகூடப் போகும்.

இனி, இரண்டு இனங்களுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு. வைவாக்ஸ் அநேகமாக இளம் சிவப்பணுக்களுக்குள்தான் நுழையும். ரத்தத்தில் அவை கொஞ்சம்தான் என்பதால் கிருமியின் எண்ணிக்கை ஓர் அளவோடு நிற்கும். ஃபால்சிபாரத்துக்கு அணுவின் வயது பொருட்டல்ல, அதனால் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் ஏறும். அதோடு, பாதி வயது கடந்த ஃபால்சிபாரம் தான் இருக்கும் அணுவின் மேற்பரப்பில் சிறு முண்டுகளை உண்டாக்கி, மூளை, சிறுநீரகம் போன்ற உறுப்புகளின் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். விரல் நுனிக்கு வராது. அதனால் நமக்குத் தெரிவதெல்லாம் இளம் மோதிரங்களும், கொசுவுக்குப் போகும் வடிவமான கேமிட்டோசைட்டுகளும்தான். ஸ்லைடில் பத்து மோதிரம் தெரிந்தால் உள்ளே எத்தனை மறைந்திருக்கிறது என்று அந்தப் பத்தை வைத்துச் சொல்ல முடியாது. நோயாளியின் முகத்தையும் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சில கிருமிகள் பிரியாமல் ஆண், பெண் கேமிட்டோசைட்டுகளாக மாறுகின்றன. கொசு உறிஞ்சிக்கொண்டு போவது இவற்றைத்தான். வைவாக்ஸில் இவை சீக்கிரமே, பல சமயம் காய்ச்சலோடேயே, ரத்தத்தில் வந்துவிடும். ஃபால்சிபாரத்தில் முதிரப் பத்துப் பன்னிரண்டு நாள் பிடிக்கும். வைவாக்ஸ் நோயாளிக்கு ஸ்லைடு எடுப்பதை ஒரு நாள் தள்ளிப்போட்டால் அந்த ஒரு நாளும் அவர் கொசுவுக்குக் கிருமி கொடுத்துக்கொண்டிருப்பார்.

3. முதல் நாளே தயாராக வேண்டியவை

ஸ்லைடுகள், லான்செட் (விரலில் குத்தும் ஊசி), பஞ்சு, ஸ்பிரிட், பென்சில், மெத்தனால், ஜீம்சா சாயம், பி.ஹெச். 7.2 உள்ள பஃபர் தண்ணீர் (அமில-கார அளவு எளிதில் மாறாத தண்ணீர்), லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே விடும் இம்மர்ஷன் ஆயில், லென்ஸ் துடைக்கும் தாள், ஸ்லைடு அடுக்கும் பெட்டி, கையுறை, குத்திய ஊசியைப் போட ஊசி துளைக்காத டப்பா.

புது ஸ்லைடு சுத்தமாகத்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள். மழைக்காலத்தில் பெட்டிக்குள்ளேயே ஸ்லைடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மேலே வெண்படலம் படிந்துவிடும். கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்து, உலர்ந்த தாளில் பத்துப் பத்தாகச் சுற்றி வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரத்தம் ஓட்டை ஓட்டையாகப் பரவும், தடித்த தடவல் கழுவும்போது உரிந்துபோகும். எப்போதும் விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

மைக்ராஸ்கோப்பின் லென்ஸில் பூஞ்சை பிடிப்பது மலை ஊர்களில் தீராத தொல்லை. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள், ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடுங்கள். மங்கலாகத் தெரிகிறது என்று சாயத்தைக் குறை சொல்வதற்கு முன் லென்ஸைப் பாருங்கள்.

4. விரலில் குத்துவது

குளிருகிற காலையில் எஸ்டேட்டிலிருந்து நடந்து வருகிறவரின் விரல் ஐஸ் மாதிரி இருக்கும். குத்தினால் ரத்தம் வராது. வராததால் பிதுக்குவார்கள். பிதுக்கினால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துவிடும். குறைவாக இருக்கிற கிருமி இன்னும் குறைந்துபோகும். அதனால் முதலில் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கச் சொல்லுங்கள், அல்லது நன்றாகத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். பிறகு துடைத்து முழுதாக உலர விடுங்கள்.

இடது கை மோதிர விரல் அல்லது நடுவிரல் நல்லது. கொழுந்து கிள்ளுகிற கையில் விரல் நுனி காய்ப்பு ஏறியிருக்கும், நட்டநடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். கைக்குழந்தைக்குக் குதிகால் அல்லது கால் பெருவிரல்.

ஸ்பிரிட் காய்ந்த பிறகே குத்த வேண்டும். ஈர ஸ்பிரிட் ரத்தத்தோடு கலந்தால் அணுக்கள் கெட்டுவிடும். முதல் துளியை உலர்ந்த பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த துளியை எடுங்கள்.

எப்போது குத்துவது? வந்தவுடனே. காய்ச்சல் ஏறட்டும், உதறல் வரட்டும் என்று காத்திருப்பது பழைய பழக்கம். அணுக்கள் வெடித்த சற்று நேரத்தில் எல்லாம் மிகச் சிறிய மோதிரங்களாக இருக்கும், சில மணி நேரம் போனால் பருத்து எளிதில் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அதற்காக நோயாளியைத் திருப்பி அனுப்பினால் அவர் திரும்ப வரமாட்டார். பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். இன்று ஒன்று எடுங்கள், தேவைப்பட்டால் பிறகு இன்னொன்று எடுக்கலாம்.

மலேரியா மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் ஸ்லைடு எடுத்துவிட வேண்டும். இந்த வரிசையை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். மாத்திரை போன பிறகு கிருமியின் உருவம் சிதைந்துவிடும், இனம் சொல்வது கடினம்.

5. ஒரே ஸ்லைடில் இரண்டு தடவல்

தடித்த தடவல் கிருமி இருக்கிறதா என்று பார்க்க. மெல்லிய தடவல் எந்த இனம் என்று பார்க்க. தடித்ததில் பல அடுக்கு ரத்தம் ஒரே இடத்தில் இருப்பதால், அதே நேரத்தில் பல மடங்கு ரத்தத்தைப் பார்த்துவிடலாம். ஆனால் அதில் சிவப்பணுக்கள் கரைந்துபோயிருக்கும், அணு பெருத்திருக்கிறதா என்று தெரியாது. அதற்கு மெல்லியது வேண்டும்.

தடித்ததற்கு மூன்று சிறு துளிகளைக் கிட்டக் கிட்ட வைத்து, இன்னொரு ஸ்லைடின் மூலையால் நான்கைந்து சுற்றில் சேர்த்து, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான வட்டமாக்குங்கள். நிறையக் கலக்கினால் ரத்தம் உறைந்து நார் நாராகும். ஈரமாக இருக்கும்போதே ஸ்லைடை நாளிதழின் மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து மங்கலாகப் படிக்க முடிந்தால் கனம் சரி. எழுத்தே தெரியாவிட்டால் கழுவும்போது பெயர்ந்து போகும்.

மெல்லியதற்கு ஒரே ஒரு சின்னத் துளி. தள்ளும் ஸ்லைடை 45 டிகிரி சாய்வில் துளியோடு தொடவிட்டு, ரத்தம் விளிம்பு முழுக்கப் பரவியதும் நிற்காமல் ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். நாக்கு வடிவத்தில் முடிய வேண்டும். பாதியில் தயங்கினால் படிப்படியாகக் கோடு விழும். இது பழகப் பழகத்தான் வரும். முதல் வாரம் ஐம்பது ஸ்லைடாவது வீணாகட்டும், பரவாயில்லை.

காய்ந்ததும் மெல்லிய தடவலின் கனமான பகுதியில் பென்சிலால் எண்ணும் தேதியும் எழுதுங்கள். பேனா மை மெத்தனாலில் கரைந்து ஓடிவிடும்.

குழாயில் எடுத்த ரத்தத்திலிருந்து தடவல் போட வேண்டியிருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிடுங்கள். உடம்பைவிட்டு வெளியே வந்து குளிர்ந்ததும் கேமிட்டோசைட் தான் கொசுவின் வயிற்றுக்குள் போய்விட்டதாக எடுத்துக்கொள்கிறது. வாழைப்பழம் போல வளைந்திருந்தது உருண்டையாகும். ஆண் கேமிட்டோசைட்டிலிருந்து சாட்டை போன்ற இழைகள் கிளம்பும். நம் மலைக் குளிரில் மேஜைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வரும்போது பாடப்புத்தகத்தில் இல்லாத உருவங்கள்தான் இருக்கும்.

6. உலர்த்துவது

இங்கேதான் நம் ஊரில் அதிகமான ஸ்லைடுகள் கெடுகின்றன. சமவெளியில் அரை மணியில் காய்கிற தடித்த தடவல், ஜூலை மாத மழையில் கூடலூரில் சாயங்காலம் வரை ஈரமாகவே இருக்கும். அவசரத்தில் என்ன செய்வார்கள்? ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார்கள், ஹீட்டர் பக்கத்தில் வைப்பார்கள்.

ஒரு பெண் இரண்டே நிமிடத்தில், "அக்கா, காஞ்சிருச்சு" என்று ஸ்லைடைக் கொண்டுவந்து நீட்டினாள். தொட்டுப் பார்த்தேன், கண்ணாடி இன்னும் சூடாக இருந்தது. சாயம் போட்டுப் பார்த்தால் தடித்த தடவல் முழுக்கச் சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்படியே நின்றன, ஒன்றும் தெரியவில்லை. நோயாளி அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் லைன் வீட்டுக்கே போய் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

தடித்த தடவல் வேலை செய்வதற்குக் காரணமே, சாயத்தின் தண்ணீரில் சிவப்பணுக்கள் கரைந்து ஹீமோகுளோபின் வெளியேறிவிடுவதுதான். கிருமியும் வெள்ளணுவும் மட்டும் மிஞ்சும். சூடு காட்டினால் அணுக்கள் கெட்டிப்பட்டுக் கண்ணாடியோடு ஒட்டிவிடும், பிறகு கரையாது. நாள்கணக்கில் அப்படியே போட்டுவைத்தாலும் தானாகவே இதேபோல் கெட்டிப்பட்டுவிடும். அதனால் அன்றோ மறுநாளோ சாயம் போட்டுவிட வேண்டும்.

என் வழி இது: மூடியுள்ள பெட்டியில் அடியில் சிலிக்கா ஜெல், மேலே கம்பி வலை, அதன்மேல் ஸ்லைடுகளைக் கிடைமட்டமாக அடுக்கி மூடிவிடுவேன். கிடைமட்டமாக வைக்காவிட்டால் ரத்தம் ஒரு பக்கம் வழிந்து கனம் கூடும். பெட்டிக்கு மூடி கட்டாயம் வேண்டும். எறும்பும் கரப்பானும் ரத்தத்தை ஒரு ராத்திரியில் தின்றுவிடும், தூசி விழுந்தால் கிருமி போலவே தெரியும். சாதாரண மின்விசிறிக் காற்று காட்டலாம், சூடு மட்டும் கூடாது.

7. சாயம்

மெல்லிய தடவலை மட்டும் மெத்தனாலில் சில விநாடி நனைத்து எடுங்கள். தடித்ததில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது, ஆவியும் படக் கூடாது. காரணம் மேலே சொன்னதுதான்: மெத்தனாலும் அணுக்களைக் கெட்டிப்படுத்தும். தடித்த பக்கம் மேலே இருக்கும்படி ஸ்லைடைச் செங்குத்தாக நிறுத்திக் காயவிடுங்கள். மெத்தனால் பாட்டிலை உடனே இறுக மூடுங்கள். ஈரக் காற்றை உறிஞ்சிய மெத்தனாலால் சிவப்பணுக்களில் குமிழ் குமிழாகப் பளபளக்கும் ஓட்டைகள் விழும். அது விஷம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஜீம்சாவை 3 சதவீதமாகக் கலந்தால், அதாவது 3 மில்லி சாயத்துக்கு 97 மில்லி பஃபர் தண்ணீர், முக்கால் மணி நேரம் வையுங்கள். அவசரமென்றால் 10 சதவீதத்தில் பத்து நிமிடம் போதும், ஆனால் சாயம் நிறையச் செலவாகும். கலந்த சாயத்தை அன்றே பயன்படுத்திவிட்டுக் கொட்டிவிடுங்கள். கலக்காத சாயம் இருக்கும் பாட்டிலுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் மொத்தமும் பாழ்.

பஃபருக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். பி.ஹெச். குறைந்து அமிலமாகப் போனால் எல்லாம் சிவந்து, வைவாக்ஸ் புகுந்த சிவப்பணுவில் தெரிய வேண்டிய ஷுஃப்னர் புள்ளிகள் என்ற இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரியாமல் போகும். இனம் சொல்ல இருந்த முக்கியமான அடையாளம் தண்ணீரோடு போய்விடும்.

முடிந்ததும் சாயத்தைச் சாய்த்துக் கொட்டாதீர்கள். மேலே மிதக்கும் உலோகப் படலம் தடவலின்மேல் படிந்துவிடும். ஒரு பக்கத்திலிருந்து தண்ணீரை மெதுவாக விட்டுப் படலத்தை வழியவிடுங்கள். தடித்த தடவலின்மேல் நேராகத் தண்ணீர் விழக் கூடாது.

சில இடங்களில் ஜே.எஸ்.பி. சாயம் இருக்கும். அது சீக்கிரம் முடியும். வரிசை வேறே தவிர, தடித்ததை மெத்தனாலில் காட்டக் கூடாது என்ற விதி அதற்கும் பொருந்தும்.

8. பார்ப்பது: முதலில் வெள்ளணு, பிறகு கிருமி

100 மடங்கு ஆயில் லென்ஸில் தடித்த தடவலிலிருந்து தொடங்குங்கள். கிருமியைத் தேடாதீர்கள், முதலில் வெள்ளணுவின் உட்கருவைப் பாருங்கள். அது நல்ல ஊதாவாகத் தெரிந்தால் சாயம் சரி. வெளிறியோ கறுத்தோ இருந்தால் அந்த ஸ்லைடில் கிருமி தெரியாததற்கு அர்த்தமே இல்லை, மறுபடி சாயம் போட வேண்டும்.

கிருமி என்று சொல்ல இரண்டு நிறம் வேண்டும்: சிவந்த உட்கருப் புள்ளி, அதைச் சேர்ந்து நீல நிறச் சைட்டோபிளாசம். சிவப்பு மட்டுமோ நீலம் மட்டுமோ போதாது. நுண் திருகியை லேசாக மேலும் கீழும் திருப்பினால் கிருமியின் இரண்டு நிறமும் ஒரே ஆழத்தில் தெளியும். சாயத் துகள் வேறு ஆழத்தில், மேலே மிதப்பது போலத் தெரியும்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது, ரத்தம் உறைய உதவும் தட்டணுவில்தான். மெல்லிய தடவலில் ஒரு தட்டணு சிவப்பணுவின்மேல் உட்கார்ந்தால் மோதிரம் மாதிரியே இருக்கும். சுற்றி வெளிறிய வளையம் தெரிந்தால், பக்கத்தில் தனியாகக் கிடக்கும் தட்டணுவோடு ஒப்பிடுங்கள். நிறமும் பருமனும் ஒன்றாக இருந்தால் அது கிருமி இல்லை.

லென்ஸில் ஒரு தடவை தெரியும் வட்டம் ஒரு பார்வைப் புலம்; அப்படி நூறு பார்வைப் புலங்கள் பார்க்காமல் நெகட்டிவ் எழுதாதீர்கள். கணக்கிடும் பொத்தானை அமுக்கிக்கொண்டே எண்ணுங்கள், மனசால் எண்ணினால் அறுபதையே நூறு என்று நினைத்துக்கொள்வோம். இப்போதெல்லாம் பாசிட்டிவ் ஸ்லைடு அரிதாகிவிட்டதால் கண் சலித்துப்போகிறது. பழைய பாசிட்டிவ் ஸ்லைடு இரண்டை வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள்.

9. இனம் பிரிப்பது

மெல்லிய தடவலுக்கு மாறுங்கள், அணுக்கள் ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காக இருக்கும் வால் பகுதிக்குப் போங்கள்.

கிருமி இருக்கும் சிவப்பணு பக்கத்து அணுவைவிடப் பெரிதா? இதுதான் முதல் கேள்வி. பெரிதாக, வெளிறி, உள்ளே இளஞ்சிவப்பு ஷுஃப்னர் புள்ளிகள் தூவியதுபோல் இருந்தால் வைவாக்ஸ் பக்கம் சாயலாம். கிருமியும் அமீபா போலக் கண்டபடி கைகால் நீட்டியிருக்கும். மோதிரம், வளர்ந்த ட்ரோபோசோயிட், 12 முதல் 24 மீரோசோயிட் கொண்ட சைசான்ட், உருண்டையான கேமிட்டோசைட் என்று எல்லா வயதும் ஒரே ஸ்லைடில் இருக்கும்.

அணு பெருக்கவில்லை, மெல்லிய சிறு மோதிரங்கள் மட்டுமே, ஒரே அணுவில் இரண்டு மூன்று, சில மோதிரத்தில் இரண்டு சிவப்புப் புள்ளி, சில அணுவின் ஓரத்தில் ஒட்டவைத்தது போல. இவை ஃபால்சிபாரம். கூடவே வாழைப்பழ வடிவ கேமிட்டோசைட் ஒன்று கண்ணில் பட்டால் சந்தேகமே வேண்டாம். வளர்ந்த வடிவங்கள் ஏன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவை நுண்குழாய்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஃபால்சிபாரம் சைசான்ட் விரல் ரத்தத்திலேயே தெரிந்தால் நிலைமை முற்றிவிட்டது. அறிக்கை எழுதிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் ஓடிப்போய்ச் சொல்லுங்கள்.

ஒரே ஸ்லைடில் இரண்டு இனமும் இருக்கலாம். வைவாக்ஸ் தெளிவாகத் தெரிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். நூறு புலங்களையும் முடியுங்கள். தவறவிட்ட அந்த ஃபால்சிபாரம்தான் ஆளைக் கொல்லக்கூடியது.

சந்தேகம் என்றால் 'மலேரியா கிருமி உள்ளது, இனம் உறுதியில்லை' என்று எழுதி மூத்தவரிடம் காட்டுங்கள். ஊகித்து எழுதினால் மருந்தே மாறிப்போகும்.

10. எண்ணிக்கை

தடித்த தடவலில் 200 வெள்ளணு எண்ணுகிற நேரத்தில் எத்தனை கிருமி கண்டீர்கள் என்று எண்ணுங்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 8,000 வெள்ளணு என்று வைத்துக்கொண்டு பெருக்கினால் போதும். 40 கிருமி என்றால் 40 × 8,000 ÷ 200, அதாவது 1,600. கேமிட்டோசைட்டுகளை இதில் சேர்க்காமல் தனியே எழுதுங்கள். சிகிச்சைக்குப் பிறகு எண்ணிக்கை இறங்குகிறதா என்று பார்க்க இந்த முதல் எண் வேண்டும்.

11. நெகட்டிவ் வந்தால்

ஒரு நெகட்டிவ், அந்த நேரத்துக்கான பதில் மட்டுமே. காய்ச்சல் தொடர்ந்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை எடுங்கள். 48 மணிச் சுற்றில் வெவ்வேறு வயதில் கிருமியைப் பிடிக்க அதுதான் வழி.

விரைவுச் சோதனை அட்டை நல்ல துணை, இரவில் மைக்ராஸ்கோப் இல்லாத இடத்தில் உயிர் காக்கும். ஆனால் ஃபால்சிபாரம் கோடு காட்டும் ஹெச்.ஆர்.பி.2 புரதம் கிருமி செத்த பிறகும் வாரக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். போன மாதம் மருந்து முடித்தவருக்கு இன்று கோடு விழுந்தால் அதை மட்டும் வைத்துப் புது நோய் என்று எழுதாதீர்கள், ஸ்லைடைப் பாருங்கள்.

12. பாசிட்டிவ் வந்த பிறகு

அன்றே மருத்துவருக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் தகவல் போக வேண்டும். மருந்தை முடிவு செய்வது மருத்துவர். ஆனால் எந்த மருந்து கிருமியின் எந்த நிலையைத் தாக்குகிறது என்று நமக்கும் தெரிந்தால்தான் நோயாளிக்கு விளக்க முடியும்.

வைவாக்ஸுக்கு மூன்று நாள் குளோரோகுயின். அது ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும், காய்ச்சல் நின்றுவிடும். பதினான்கு நாள் பிரைமாகுயின் கல்லீரலில் தூங்குவதைக் கொல்லும். நோயாளிக்கு நான்காம் நாளே உடம்பு சரியாகிவிடுவதால் மீதி மாத்திரை தகரப் பெட்டிக்குள் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து அதே ஆள் உதறிக்கொண்டு வந்து நிற்பார். "காய்ச்சல் நின்னுருச்சுன்னா பூச்சி செத்துருச்சுன்னு அர்த்தமில்லைங்க, ஈரல்ல இன்னும் தூங்கிட்டு இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்கிறார்கள். வேலை முடிந்து பாதியில் ஊருக்குக் கிளம்புகிறவர் என்றால் மீதி மாத்திரையையும் எழுத்தில் விவரத்தையும் கையோடு கொடுத்தனுப்ப ஏற்பாடு செய்யுங்கள்.

பிரைமாகுயின் தொடங்குமுன் ஜி6பிடி குறைபாடு பற்றி மருத்துவருக்கு நினைவூட்டுங்கள். அந்த நொதி குறைந்தவர்களுக்கு இந்த மருந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இது கொடுப்பதில்லை.

ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்தோடு ஒரே ஒரு வேளை பிரைமாகுயின் சேர்ப்பது, கொசுவுக்குப் போகும் கேமிட்டோசைட்டுகளை அழிப்பதற்காக. அப்படியும் சில வாழைப்பழ வடிவங்கள் சில வாரம் ஸ்லைடில் தெரியலாம். மோதிரம் இல்லாமல் அவை மட்டும் தெரிந்தால் மருந்து தோற்றுவிட்டது என்று எழுதாதீர்கள். அவை பிரிந்து பெருகாது, காய்ச்சல் தராது.

மூன்றாம் நாள் மறுபடி ஸ்லைடு எடுங்கள். முதல் நாள் எண்ணிய எண்ணுக்குப் பக்கத்திலேயே இந்த எண்ணையும் எழுதுங்கள். மோதிரங்கள் இன்னும் இருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். முதல் நாள் ஸ்லைடையும் கழுவிவிடாமல் எடுத்து வைத்திருங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிவரும்.